நஞ்சுக்கொடி விழும் வரை காத்திருக்கலாமா?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'கன்றுக்குட்டியின் குடல்' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு மூன்று நண்பர்கள் போன் பண்ணினார்கள். அச்சகத்தில் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நினைத்தார்களாம். பிழை இல்லை. நான் இயந்திரவியல் படித்தவன், ஒரு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறேன், கால்நடை மருத்துவன் அல்ல. ஆனால் ஊர் பாலசமுத்திரம். பழனி மலையைப் பார்த்துக்கொண்டு, பாலாறு பொருந்தலாறு அணைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று உருப்படி கறவை நிற்கும். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது ஒரு மாடு இருந்திருக்கும். நம்மில் பலர் கட்டிய கல்லூரிக் கட்டணத்தில் பால் பணமும் கலந்திருக்கிறது. ஆகவே இந்தச் சபைக்கு இது அந்நியமான விஷயம் அல்ல என்று கருதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்களை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாக அவை குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன. பசுவுக்கு அந்த வசதி இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே அடுக்கடுக்காகத் திசுச் சுவர்கள் நிற்கின்றன. சத்துப்பொருள் போகும், பிராணவாயு போகும், இம்யூனோகுளோபுலின் என்கிற பெரிய எதிர்ப்புப் புரதம் போகாது. அதனால் கன்று இந்த உலகத்தில் விழுகிறபோது அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய பூஜ்யம். சாணமும் மூத்திரமும் ஈக்களும் இருக்கிற தொழுவத்தில், கையில் ஆயுதமே இல்லாமல் வந்து விழுகிறது.

அந்த ஆயுதம் எங்கே இருக்கிறது? மடியில். ஈனுவதற்கு முந்தைய சில வாரங்களில் பசு தன் ரத்தத்திலிருந்து அந்தப் புரதத்தை மடிக்குள் இறக்கிச் சேர்த்து வைக்கிறது. அதுதான் சீம்பால். நம் வீட்டில் கடும்பு கிண்டுவோமே, அதே பால். அடுப்பில் வைத்ததும் கெட்டியாகிறது என்றால் அதிலே இருக்கிற புரதத்தின் அளவை யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் என்றொரு விஞ்ஞானி இருந்தார். மாட்டுக் காய்ச்சல் ஒன்று உண்ணி மூலம் பரவுகிறது என்று கண்டுபிடித்த குழுவின் தலைவர். அவரும் ரால்ஃப் லிட்டில் என்பவரும் சேர்ந்து 1922ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். சில கன்றுகளுக்குச் சீம்பால் கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. குடித்தவை பிழைத்தன. குடிக்காதவற்றில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே செத்துப்போயின, அவற்றின் உறுப்புகளில் சாதாரணக் குடல் கிருமியான ஈ.கோலி நிறைந்திருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இருந்தும் நம் தொழுவங்களில் இன்னும் அந்தச் சோதனை நடந்துகொண்டே இருக்கிறது, எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

இதில் என்னைப் போன்ற இன்ஜினீயருக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. புரதம் என்றால் குடலில் செரித்துச் சின்னச் சின்னத் துண்டாகித்தானே உள்ளே போகவேண்டும்? பிறந்த கன்றின் சிறுகுடலுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. முதல் நாளில் அதன் சுவர்ச் செல்கள் பெரிய புரதத்தை முழுசாகவே விழுங்கி ரத்தத்துக்கு அனுப்பிவிடும். செரிமான நொதி அந்தப் புரதத்தைக் கடித்துவிடாமல் தடுக்கிற பொருளும் சீம்பாலிலேயே இருக்கிறது. ஆனால் இந்தக் கதவு பிறந்த நிமிஷத்திலிருந்தே மூட ஆரம்பித்துவிடுகிறது. சுமார் 24 மணி நேரத்தில் முழுக்க மூடிவிடும். 24 மணி நேரம் இருக்கிறதே, மெதுவாகக் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. கதவு நேர வாரியாகச் சாத்திக்கொண்டே வருகிறது என்பதுதான் அர்த்தம். இன்னொன்று, அந்தக் கதவு ஆள் பார்த்துத் திறக்கிற கதவும் அல்ல. சீம்பாலுக்கு முன்னால் சாணக் கிருமி வந்து சேர்ந்தால் அதற்கும் வழி கிடைத்துவிடும்.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே தரமான சீம்பாலை மூன்று கூட்டம் கன்றுகளுக்கு மூன்று நேரங்களில் கொடுத்தார்கள். பிறந்து முக்கால் மணி நேரத்தில் குடித்த கன்றுகள் அதிலிருந்த எதிர்ப்புப் புரதத்தில் ஏறக்குறைய பாதியை ரத்தத்தில் ஏற்றிக்கொண்டன. ஆறு மணி நேரம் கழித்துக் குடித்தவை மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் ஏற்றின.

இதை நம் ஊர்க் கன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜெர்சி கலப்பினக் கன்று 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தின் நீர்ப்பகுதி உடல் எடையில் சுமார் 9 சதவீதம், அதாவது இரண்டேகால் லிட்டர். நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராம் எதிர்ப்புப் புரதம் இருக்கும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டர் உடனே கொடுத்தால் 125 கிராம் உள்ளே போகிறது. பாதி ஏறினால் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 28 கிராம். 25க்கு மேல் இருந்தால் மிக நன்று என்பது இப்போதைய அளவுகோல். அதே கன்றுக்கு ஆறு மணி நேரம் கழித்து, போனால் போகிறதென்று ஒரு லிட்டர் மட்டும் கொடுத்தால்? 50 கிராம் போகிறது, மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது, லிட்டருக்கு ஏழு எட்டு கிராம். 10 கிராமுக்குக் கீழே போனாலே அந்தக் கன்று பாதுகாப்பில்லாதது என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே தாய், ஒரே மடி. நேரமும் அளவும்தான் வித்தியாசம். முதல் வேளையோடு நிறுத்தாமல் அடுத்த பன்னிரண்டு மணிக்குள் இன்னொரு வேளையும் கொடுக்கவேண்டும்.

சீம்பால் நல்லதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கெட்டியாக, மஞ்சளாக இருந்தால் நல்லது என்று சொல்வார்கள், அது முழுக்க நம்பும்படியானது அல்ல. இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. கரும்புச் சாற்றில் பிரிக்ஸ் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் எங்கள் ஆலையில் எல்லோர் கையிலும் இருக்கும். கையடக்கமான குழாய், கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கோடு தெரியும். அதே கருவியில் சீம்பாலை விட்டால் 22க்கு மேலே காட்டவேண்டும், காட்டினால் லிட்டருக்கு 50 கிராம் இருக்கிறது என்று நம்பலாம். உலகம் முழுக்கப் பால் பண்ணைகளில் இப்போது இதைத்தான் வைத்திருக்கிறார்கள். விலையும் ஒரு மூட்டை மாட்டுத் தீவனத்தை ஒட்டித்தான் வரும். கரும்புக்காகச் செய்த கருவி கன்றுக்கு உதவுகிறது என்று படித்த அன்றைக்கு எனக்கு ஒரு சம்பள உயர்வு கிடைத்த சந்தோஷம்.

இனி பாலசமுத்திரத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் ஊரிலும் இருக்கலாம். பசு ஈன்றால் நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் கன்றைப் பால் குடிக்க விடமாட்டார்கள். குடித்தால் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும், பசுவுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு அதை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஆலமரத்தில் கொண்டுபோய்த் தொங்கவிடுவார்கள். ஆலமரம் பால் வடிகிற மரம், பசுவுக்கும் அப்படிப் பால் சுரக்கும் என்று. அந்தச் சாக்கு மூட்டையைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. நாய் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கிறதே, அதுவே நல்லது. என் ஆட்சேபணை காத்திருப்பதில்தான். நஞ்சுக்கொடி விழ எட்டு மணி நேரமும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். ராத்திரி ஈன்ற பசு என்றால் விடிகிற வரைக்கும் கன்று பட்டினி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பசு ஒன்று கிடேரிக் கன்று போட்டது. நான் அப்போது லீவில் ஊரில் இருந்தேன். பெரியம்மாதான் தொழுவத்துக்குப் பொறுப்பு. நாற்பது வருஷ அனுபவம், எந்த மாட்டுக்கு என்ன என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் கன்றை மடிக்கு நகர்த்தினேன்.

"ஏங்கண்ணு, இன்னும் நஞ்சு விழுகல. அதுக்குள்ள விடாத சாமி."

"விடலாம் பெரியம்மா. கன்னு முட்டிக் குடிச்சா நஞ்சு சீக்கிரம் விழுகுமுங்க."

"எந்த ஊர்ல படிச்ச இத?"

எந்த ஊரில் படித்தாலும் விஷயம் ஒன்றுதான். கன்று காம்பைச் சப்புகிறபோது பசுவின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரக்கிறது. பாலை இறக்குவது அதுதான், கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்வதும் அதுதான். ஆகவே கன்று குடிப்பது நஞ்சுக்கொடி விழுவதற்கு உதவுமே தவிர தடுக்காது. பெரியம்மா இதையெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ஒப்புக்கொண்டது வேறு காரணத்துக்காக. அதற்கு முந்தின வருஷம் அதே பசுவின் கிடேரி, பத்தாம் நாள் கழிச்சலில் போய்விட்டது. ஒரு கிடேரி போனால் போனது ஒரு கன்று மட்டுமல்ல. அது வளர்ந்து, சினை பிடித்து, முதல் ஈற்றுக்கு வர இரண்டரை மூன்று வருஷம். அந்த வருஷங்களும் சேர்ந்து போகின்றன. "சரி, இந்த ஒரு தடவை உன் இஷ்டம்" என்று நகர்ந்து உட்கார்ந்தார். நான் கருவியில் பார்த்தேன், 24 காட்டியது. கன்று எழுந்து நின்றதும் வயிறு நிறையக் குடித்தது. நஞ்சும் அன்றைக்கே விழுந்தது. ஒரு பசுவை வைத்து விஞ்ஞானத்தை நிரூபித்துவிட்டேன் என்று நான் சொல்லமாட்டேன், நம் பேராசிரியர்கள் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த ஈற்றில் நான் ஊரில் இல்லை. பெரியம்மா போனில் "குடிக்க உட்டாச்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சீம்பாலில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. முதல் சில நாள் பாலைச் சொசைட்டியில் எடுக்கமாட்டார்கள், காய்ச்சினால் திரிந்துவிடும் என்பதால். அதனால் அது விலையில்லாத பால் ஆகிவிடுகிறது. அக்கம்பக்கம் நாலு வீட்டுக்குக் கடும்புக்கு ஒரு சொம்பு, அரைச் சொம்பு என்று போகும். நல்ல பழக்கம்தான், கொடுக்கவேண்டாம் என்று சொல்லவில்லை, நானே விரும்பிச் சாப்பிடுகிறவன். கன்று குடித்த மிச்சத்தைக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஊருக்குக் கொடுத்த மிச்சத்தை இப்போது கன்று குடிக்கிறது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால் மேலே இருக்கிற ஐஸ்பெட்டியில் ஒரு பாட்டில் உறையவைத்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டுப் பசுவுக்குப் பால் இறங்காதபோது அதுவே மருந்து. வெதுவெதுப்பான வெந்நீரில் வைத்துத்தான் உருக்கவேண்டும், அடுப்பில் வைத்தால் கடும்பாகிவிடும்.

இதுவரைக்கும் சொன்னது ரத்தத்தில் ஏறுகிற பாதுகாப்பு. குடலுக்குள்ளே நடக்கிற குடியேற்றம் வேறு கதை. பிறக்கிறபோது கன்றின் குடல் ஏறக்குறையக் காலி. சில மணி நேரத்திலேயே தாயின் உடம்பிலிருந்தும் தரையிலிருந்தும் கிருமிகள் வந்து குடியேறுகின்றன. பழனி பஸ் ஸ்டாண்டில் தைப்பூச சமயத்தில் பஸ் உள்ளே வரும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதே கதைதான். துண்டு போட்டவனுக்கு இடம். முதலில் வருவது ஈ.கோலி போன்ற, பிராணவாயு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கிற ரகம். அவை அங்கிருக்கிற பிராணவாயுவைத் தீர்த்துவிட்ட பிறகு லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியா போன்றவை வருகின்றன. இவை வந்து உட்கார்ந்தால் அமிலம் சுரந்து, குடல் சுவரில் இடம் பிடித்து, கெட்ட ரகங்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

சீம்பாலில் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. கன்றினால் அவற்றைச் செரிக்க முடியாது. செரிக்க முடியாத சாப்பாட்டைத் தாய் ஏன் கொடுக்கிறாள்? அது கன்றுக்கு அல்ல, கன்றின் குடலில் குடியேற வேண்டிய நல்ல கிருமிகளுக்கு. நான் சொன்ன அதே 2018 ஆய்வில், தாமதமாகச் சீம்பால் குடித்த கன்றுகளின் குடல் சுவரில் இந்த நல்ல ரகங்கள் குறைவாகவே ஒட்டியிருந்தன. நேரம் தவறினால் இரண்டு நஷ்டம்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டு என்று ஒரு பட்டை ஓடுகிறது. கன்றில் அது ஒரு மீட்டருக்கும் மேலே நீளும். எதிர்ப்புப் புரதம் தயாரிக்கப்போகிற செல்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். மாடு வளர்ந்து பெரிதானதும் அந்தப் பட்டை சுருங்கி மறைந்தே போகிறது. நம் கல்லூரியைப் போல இல்லை, முன்னாள் மாணவர் கூட்டம் போட இடமிருக்காது. குடலில் குடியேறிய கிருமிகள்தான் அங்கே நடக்கிற பயிற்சியைத் தூண்டுகின்றன. எது நம்மவன், எது அந்நியன் என்று உடம்பு கற்றுக்கொள்ள வாரங்கள் ஆகும். அதற்குள் தாய் கொடுத்த புரதம் தேய்ந்துகொண்டே வருகிறது. சுமார் இரண்டு மூன்று வாரத்தில் அது பாதியாகிவிடும். சொந்தச் சரக்கு இன்னும் வந்தபாடில்லை. இந்த இடைவெளியில்தான், இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரத்துக்குள், நம் கன்றுகள் கழிகின்றன. தொடக்கத்தில் நிறைய ஏற்றிக்கொண்ட கன்றுக்கு, தேய்ந்தாலும் மிச்சம் இருக்கும். குறைவாக ஏற்றியதற்குக் கையிருப்பே இல்லை. பத்தாம் நாள் கழிச்சலுக்கான காரணம் முதல் ராத்திரியில் இருக்கிறது என்று சொன்னால் பலருக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அல்ல, நீர் இழப்பும் உப்பு இழப்பும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால் குடல் தண்ணீரை உறிஞ்சும் என்பது மனிதனுக்கும் கன்றுக்கும் ஒரே விதி. 1971ல் வங்காள அகதிகள் முகாமில், போங்காவ் என்ற ஊரில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலக்கி வைத்து ஆயிரக்கணக்கான காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். அதே அறிவுதான் கன்றுக்கும். கழிகிறது என்று பாலை நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக்கூடாது. பாலும் தொடரவேண்டும், நடுநடுவே கரைசலும் போகவேண்டும். கண் குழிந்து, எழுந்து நிற்க முடியாமல் போய்விட்டால் கைவைத்தியம் போதாது, டாக்டர் வந்து ரத்தக் குழாயில் ஏற்றவேண்டும்.

ஒன்று மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது, சரி. கீழே ஊற்ற மனசு வராமல் கன்றுக்கு ஊற்றுகிறார்கள். அந்தப் பாலில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறது. இப்போதுதான் குடியேறிய நல்ல கிருமிகளை அது கலைத்துவிடும். பிழைத்துக்கொள்கிற கிருமி எதுவோ அது மருந்துக்கு அடங்காத கிருமி. அந்தக் கன்றின் சாணம் நம் வாசலில்தான் கிடக்கிறது, நம் குழந்தைகளும் அங்கேதான் விளையாடுகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க இந்தியா 2017ல் தேசியத் திட்டம் போட்டது. டெல்லியில் போட்ட திட்டம் தொழுவத்துக்குள் வர இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலும்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்று நினைக்கிறோம். கன்று பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் கீழே ஒரு பள்ளம் குழாயாக மூடிக்கொண்டு, பாலை முதல் வயிற்றில் விடாமல் நேராக நாலாவது வயிற்றுக்கு அனுப்பிவிடும். அதனால் பாலில் இருக்கிற தண்ணீர் அசைபோடும் வயிற்றுக்குப் போய்ச் சேராது. அங்கே கிருமிகள் வளர்ந்து நொதித்தல் நடக்க வேண்டுமானால் தனியாகத் தண்ணீர் வைக்கவேண்டும், இரண்டாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கன்றுத் தீவனமும் வைக்கவேண்டும். தீவனம் நொதித்து வருகிற அமிலங்கள்தான் அந்த வயிற்றின் சுவரை வளர்க்கின்றன, வைக்கோல் மட்டும் போட்டால் வயிறு பெருக்குமே தவிர சுவர் வளராது.

சினை மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈனுகிற வரைக்கும் கறக்காமல், இரண்டு மாதம் முன்னதாகவே கறவையை நிறுத்திவிட்டால்தான் மடிக்குச் சீம்பால் சேர்க்க அவகாசம் கிடைக்கும். பொள்ளாச்சிச் சந்தையில் நிறைமாத மாட்டை வாங்கி வந்து நாலு நாளில் ஈன்றால், அதன் சீம்பாலில் இருப்பது பழைய தொழுவத்துக் கிருமிகளுக்கான ஆயுதம். நம் தொழுவத்துக் கிருமியை அந்த மாடு இன்னும் சந்திக்கவே இல்லை. அப்படி வாங்குவதானால் ஒரு மாதம் ஒன்றரை மாதம் முன்னதாக வாங்குங்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் சொன்ன ரிஃப்ராக்டோமீட்டரைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். விருப்பப்படுகிறவர்கள் பந்திக்கு வரும்போது கேளுங்கள், எப்படிப் பார்ப்பது என்று காட்டுகிறேன். இன்றைக்குச் சீம்பாலுக்கு வழியில்லை, பாயசத்தை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.